குழாய்த் தண்ணீரும் ஒரு நகரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க் என்றதும் புரூக்ளின் பாலமும் சுதந்திர தேவி சிலையும்தான் கண்முன் வரும். முன்னது 1883-இல் திறந்தது, பின்னது 1886-இல் எழுந்தது. அவற்றுக்கு நாற்பது ஆண்டு முன்னரே அந்த ஊரை வாழத்தக்கதாக்கிய குரோட்டன் கால்வாயையே அந்நகரின் தலையாய சின்னமாக நான் கருதுகிறேன். மன்ஹாட்டன் தீவைச் சுற்றிலும் தண்ணீர்தான், அத்தனையும் உப்பு. நடுவில் இருந்த நன்னீர்க் குளத்தைத் தோல் பதனிடுவோரின் கழிவு கெடுத்தது. கடைசியில் அதை மண்போட்டு மூடிவிட்டார்கள். நல்ல கிணற்று நீரைத் 'தேநீர்த் தண்ணீர்' என்றே பெயரிட்டு வண்டியில் கொண்டுபோய் விற்றார்கள். 1799-இல் தண்ணீர் தருவதாகச் சொல்லி ஆரன் பர் தொடங்கிய மன்ஹாட்டன் கம்பெனி, உபரி முதலை வேறு தொழிலில் போடலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு அதே ஆண்டில் வங்கி திறந்தது. வங்கி செழித்தது, குடைந்த மரக்குழாய்களில் வந்த நீரோ ஊருக்குப் போதவில்லை. 1832-இல் காலரா 3,500 பேருக்கு மேல் பலிகொண்டது.

மூன்றாண்டு கழித்து, பொதுச்செலவில் தண்ணீர் கொண்டுவர வாக்காளர்கள் இசைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெருந்தீ மூண்டபோது ஆறு உறைந்து கிடந்தது. ஏறத்தாழ 700 கட்டடங்கள் எரிந்தன. பொறியாளர் ஜான் ஜெர்விஸின் கால்வாய் 41 மைல் நீளம். மைலுக்கு 13 அங்குலச் சரிவு, அவ்வளவுதான். பம்பு ஏதுமின்றித் தண்ணீர் தானே நடந்து வந்தது. பெரும்பாலும் ஐரிஷ் கூலியாட்களின் உழைப்பு அது. 1842 அக்டோபர் 14 அன்று நகர மன்றப் பூங்காவில் நீரூற்று பீறிட ஊரே திரண்டது. ஐந்தாம் அவென்யூவில் 42-ஆம் தெருவருகே எகிப்தியக் கோயில் போல எழுந்த நீர்த்தேக்கத்தின் மதில்மேல் மக்கள் மாலையில் உலாவினார்கள்.

தண்ணீர் பணக்காரர் வீட்டுக்குத்தானே போனது, ஏழை முற்றத்துக் குழாயடியில்தானே நின்றான், 1849-இல் காலரா மறுபடி வந்து சுமார் 5,000 பேரைக் கொண்டுபோகவில்லையா என்று கேட்கலாம். மூன்றும் உண்மை. கழிவுநீர்ச் சாக்கடை பின்தங்கியது பெரும்பிழை. அதன் விலையை நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளே கொடுத்தன. ஆனாலும் கம்பெனியின் தண்ணீர் போதாதபோது குடிமகனுக்குப் போக்கிடம் இல்லை. ஊரின் தண்ணீர் தன் வீட்டுக்கு வரவில்லை என்றால் அவன் ஊரைக் கேட்கலாம். கேட்டார்கள். புதிதாகக் கட்டும் வாடகைக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் 1901-இல் வந்தது. தாமதம் கொடியது, ஆனால் தண்ணீர் வங்கிக்காரர் கையிலேயே இருந்திருந்தால் அந்தக் கோரிக்கையை வைக்கவே இடம் இருந்திருக்காது. பாலத்தை வியந்து பார்த்தவர்களைவிட இந்தத் தண்ணீரில் சோறாக்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவர்களே அதிகம். அதனால்தான் இதற்கு முதலிடம் தருகிறேன்.

நூற்றாண்டின் முடிவில் அந்த நீர்த்தேக்கத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் 1911-இல் திறந்த பொது நூலகத்தின் அடித்தளத்தில் அதன் கற்களை இன்றும் பார்க்கலாம்.