கன்னத்தில் ஒதுங்கிய சோறு

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை ஆண்ட அந்த மன்னர், வந்தவருக்குக் கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை தரப்பட்டது, பிறகு எப்படி இருந்தது என்று ஆள்வாரியாக எழுதிவைக்கச் செய்தார். நோயுற்ற கண்களை வண்ணத்தில் தீட்டியும் வைத்தார்கள். அதற்கு ஏழரை நூற்றாண்டு மூத்தது திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு. வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர்சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள், வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல், இருப்பில் வைக்க வேண்டிய மருந்து என்று எல்லாவற்றையும் அது சொல்கிறது. படுத்திருந்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்வதில்லை. கல்வெட்டின் வேலை அதுவல்ல. இரண்டுமே வேண்டிய கணக்குகள்தான். ஆனால், டெல்டா கிராமங்களில் இன்று வீடு தேடி வரும் மருத்துவத்தைக் கவனிக்கும்போது, நம் பதிவுகள் திருமுக்கூடல் வகையில் தேறிவிட்டன, சரபோஜி வகையில் பின்தங்கி நிற்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் குழுக்களிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். பெரிய காரியம் இது. போன வீடுகள், பார்த்த அளவு, கொடுத்த மாத்திரை எல்லாம் பதிவாகின்றன. ஆனால் செவிலியர் தினமும் வர முடியாது. இடைப்பட்ட நாட்களில் கவனிப்பது வீட்டார்தான். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், வீட்டிலிருக்கும் பெண்கள் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். காலைக் கஞ்சியை மருமகள் கொடுத்தால், மதியம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார், மாலையில் பள்ளி விட்டு வந்த பேத்தி தண்ணீர் கொடுப்பாள். நோயாளியின் ஒரு நாள் இப்படி மூன்று பேரிடம் துண்டு துண்டாக இருக்கிறது. முழு நாளையும் பார்த்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. கட்டிலருகே ஒரு நோட்டு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

நோட்டு இருந்தால் மட்டும் போதாது. அதில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. பக்கவாதம் வந்த முதியவரைப் பற்றி “சாப்பிட அடம் பிடிக்கிறார்” என்று எழுதுவது வழக்கம். எழுதியவருக்கு அது உண்மையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அது பார்த்தது அல்ல, பார்த்ததன் மேல் சொன்ன தீர்ப்பு. அதே வேளையை இப்படி எழுதிப் பார்க்கலாம்: “மதியம் 1 மணி. குழைந்த சோறு மூன்று வாய். நாலாவதுக்கு வாய் திறக்கவில்லை. இடது கன்னத்தில் சோறு ஒதுங்கியிருந்தது. தண்ணீர் குடித்ததும் இருமினார்.” இதைப் படிக்கும் செவிலியருக்கு அடம் தெரியாது, விழுங்க முடியாமை தெரியும். அந்தச் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும், ஆளையே கொண்டுபோய்விடும். முதல் வாக்கியத்தைப் படித்தவர் பெரியவரைக் கடிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் ஊட்டுவார். இரண்டாவதைப் படித்தவர் நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு வாயாகக் கொடுத்து, மருத்துவரிடம் சொல்வார். கவனிப்பே மாறிவிடுகிறது.

படுக்கைப்புண்ணும் அப்படியே. “புண் பரவாயில்லை” என்பது அடுத்தவருக்கு ஒன்றும் சொல்லாது. எந்த இடம், எவ்வளவு அகலம், சீழ் உண்டா, நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா என்பது சொல்லும். கும்பகோணம் பக்கம் நெடுங்காலமாக இருந்துவந்த யானைக்காலில், காலைக் கழுவி விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பதே பாதி வைத்தியம். குளிர்காய்ச்சலும் கால்வலியும் எந்தெந்தத் தேதியில் வந்தன என்ற குறிப்பு இருந்தால்தான், எந்த வாரம் கழுவுவது விட்டுப்போயிற்று என்பது பிடிபடும். அன்றன்றைக்கு எழுதினால்தான் இது நடக்கும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் நிரப்பி, எல்லா நாளுக்கும் 130/80 போட்ட பக்கம் வெற்றுப் பக்கத்தைவிடக் கெடுதல். கவனித்தாயிற்று என்று அது நம்பவைத்துவிடும்.

எண்களைத்தான் மாநில அளவில் கூட்டிப் பார்க்க முடியும், வாக்கியங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; எத்தனை பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் எந்தத் திட்டமும் ஓடாது. ஆனால் இந்த வாக்கியம் மாவட்ட அலுவலகத்துக்கு அல்ல, மாலையில் வரும் பேத்திக்கும் நாளை மறுநாள் வரும் செவிலியருக்கும். கூட்ட முடியாதது அதன் குறையாகாது. அதிகம் படிக்காதவர்கள் எப்படி எழுதுவார்கள் என்ற தயக்கத்தையும் நான் ஏற்கவில்லை. மகளிர் குழுவின் சேமிப்பையும் கடனையும் பைசா பிசகாமல் எழுதிவரும் பெண்கள் இவர்கள். எழுதத் தெரியாத வீட்டில் பேத்தி எழுதட்டும், பார்த்தவர் சொல்லச் சொல்ல.

எனக்குக் கனமாகத் தெரிவது வேறு ஆட்சேபணை: நிரந்தர வேலையில்லாமல் ஊக்கத்தொகைக்கு உழைக்கும் தன்னார்வலர் தலையில் இன்னொரு சுமையா? சுமைதான். அதனால் வழக்கமான நாளில் ஒரே வரி போதும், நேற்றிலிருந்து என்ன மாறியது என்று. அந்த ஒரு வரிக்கான நேரமும் வேலைக் கணக்கில் சேர வேண்டும். போன வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை அளக்கக் கூடாது. கட்டிலருகே கிடக்கும் நோட்டை வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டுவார்கள் என்ற பயமும் உண்மை. ஊரார் அறியக்கூடாத நோயையும் குடும்பச் சண்டையையும் அதில் எழுதவே கூடாது. பெரியவருக்கு வீட்டில் சாப்பாடு மறுக்கப்படுகிறது என்ற சந்தேகம் வந்தால், செவிலியரிடம் நேரில் சொல்ல வேண்டும், அன்றைக்கே. செவிலியர் வரும்போது மருந்துப் பையைத் திறக்குமுன் நோட்டைத் திறந்து, படித்த பக்கத்தின் கீழே தேதியோடு கையெழுத்திட்டு, “தண்ணீரைக் கஞ்சி பதத்தில் கெட்டியாக்கிக் கொடுங்கள், உட்காரவைத்தே கொடுங்கள்” என்று தன் பதிலையும் எழுதிவிட்டுப் போகட்டும்.