நாக்கு ஒடிந்த கேபிள்

2024 ஜூன் தொடக்கம் ஏறத்தாழ ஏழு வாரங்கள் எங்கள் வீட்டு இன்டர்நெட் முன்மண்டபத்தில் இருந்தது, பின்னறையில் இல்லை. இல்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியல்ல. வரும், போகும். காலையில் பத்து, பதினொரு மணிவரை ஒழுங்காக நிற்கும். அதன் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சில நேரம் நாலு வினாடி, சில நேரம் நாலு நிமிடம். படம் பார்க்கிறவர்களுக்கு நாலு வினாடி ஒரு பொருட்டே அல்ல. பின்னறையில் இருந்தவள் படம் பார்க்கவில்லை.

என் மகள் கைக்குழந்தையோடு எங்களிடம் திரும்பி வந்து அப்போது மூன்று வருடங்களாகியிருந்தன. அந்த வருடம் மார்ச் மாதத்தில்தான் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. கொழும்பிலுள்ள கணக்கு நிறுவனம் ஒன்றுக்கு, வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கடைகளின் பற்றுச்சீட்டுகளைப் பதியும் வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். வேலை நடப்பது கொழும்புக் கொம்பியூட்டரில். இவள் இங்கிருந்து அதன் திரையைப் பார்த்துத் தட்டுகிறாள், அவ்வளவுதான். தொடர்பு அறுந்தால் திரை கறுத்து, ஆளை வெளியே தள்ளிவிடும். மறுபடி கடவுச்சொல், மறுபடி தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கம், பாதியில் நின்ற பற்றுச்சீட்டு மறுபடி முதலிலிருந்து. ஒருவர் ஒரு நாளில் எத்தனை தரம் வெளியே விழுந்தார் என்ற கணக்கு மேற்பார்வையாளரின் மேசைக்குப் போகிறது. ஜூலை முதல் வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வீட்டு இணைப்பைச் சீர்செய்து கொள்ளாவிட்டால், நிரந்தரமாக்குவது பற்றி மீண்டும் யோசிக்க நேரிடும் என்பது அதன் சாரம். மகள் அதை வாசித்துக் காட்டியபோது அவளுடைய உம்மா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார்.

மாத முடிவில் ஒரு பெண்ணின் கையில் அவளுடைய காசு வருவதன் பெறுமதியை, மகளைத் திரும்பவும் வீட்டுக்கு எடுத்த எந்தத் தகப்பனுக்கும் விளக்க வேண்டியதில்லை.

வைபை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எங்களுடையது பழைய கல்வீடு, சுவர்கள் முக்கால் அடி மொத்தம். பின்னறைக்குப் போய்ச் சேரும்போது அந்த அலை நோயாளியின் மூச்சுப் போலாகிவிடுகிறது. தவிரவும், கேபிளில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிபந்தனை. ஆகையால் முன்மண்டபத்து ரவுட்டரிலிருந்து நீலக் கேபிள் ஒன்று கதவு நிலைக்கு மேலாக ஏறி, சுவரோரமாக நடந்து, பின்னறையில் இறங்குகிறது. பதினெட்டு மீற்றர் வரும். இந்த வகைக் கேபிளுக்கு 100 மீற்றர்வரை அனுமதி உண்டு. எனவே ‘தூரம் கூடிப் போச்சு’ என்று சொன்ன உறவினரின் கட்சி முதலிலேயே தோற்றது.

மற்றக் கட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போனைப் பார்ப்பதால் இழுபடுகிறது என்றார் அயல்வீட்டார். ரவுட்டர் சூடேறுகிறது, பன்னிரண்டாயிரம் கொடுத்தால் நல்லதொன்று எடுக்கலாம் என்றார் மச்சான். கொம்பனியின் ஹொட்லைனில் பேசிய பிள்ளையோ ஒவ்வொரு தரமும் ஒரே வைத்தியத்தைச் சொன்னாள்: ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். போட்டோம். சரிவந்தது. அடுத்த நாள் போயிற்று. மறுபடி போட்டோம், மறுபடியும் சரிவந்தது.

அந்த வைத்தியம் பலித்ததுதான் பெரிய தொல்லை. எங்கள் ரவுட்டரின் சுவிட்ச் அதன் முதுகுப் பக்கம் இருக்கிறது, கேபிள்கள் செருகியிருக்கும் துவாரங்களுக்குப் பக்கத்தில். அணைக்கப் போகும் கை கேபிளைத் தள்ளாமல் திரும்பாது. தள்ளுப்பட்ட கேபிள் சற்றே உள்ளே போய்த் தொட்டுக்கொள்கிறது. ரவுட்டர் உயிர்த்து வர, வீட்டார் எல்லோரும் ‘அணைத்துப் போட்டதால் சரிவந்தது’ என்று முடிவெடுக்கிறார்கள். இப்படிச் சுகமாகும் நோயை எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

கொம்பனியிலிருந்து ஒரு பொடியன் வந்தான். காலை எட்டரை மணி. மரியாதையான பிள்ளை, செருப்பை வாசலிலேயே கழற்றினான். வீதியிலிருந்து வரும் ஒளியிழையைக் கருவியொன்றால் அளந்தான். தன் மடிக்கணினியை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஓடியது.

“எங்கட பக்கம் ஒரு பிழையுமில்ல சேர்” என்று எழுதிக் கையொப்பம் வாங்கிப் போனான். அவன் சொன்னது உண்மை. அவர்களுடைய பக்கம் ரவுட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு இப்பால் இருக்கும் பதினெட்டு மீற்றருக்குச் சொந்தக்காரர் எவருமில்லை.

கொழும்பில் கொம்பியூட்டர் வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் சொல்லித் தந்ததுதான் முதல் வெளிச்சம். ‘பிங்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கறுப்புப் பெட்டியொன்றைத் திறந்து, பிங் என்று தட்டி, ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் (எங்களுடையதற்கு 192.168.1.1, பல வீடுகளில் இதுவோ இது போன்றதொன்றோ இருக்கும்) கொம்பியூட்டர் ரவுட்டரை ‘இருக்கிறாயா?’ என்று கூப்பிட்டுப் பார்க்கும். இருந்தால் பதில் வரி வரும். முகவரிக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ‘ரி’ எழுத்தும் சேர்த்துவிட்டால் நிறுத்தும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் போகும் நேரத்தில் ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பிழை வெளியே. ரவுட்டரும் பேசாவிட்டால் பிழை உங்கள் நாலு சுவருக்குள்ளேதான். எங்கள் வீட்டில் ரவுட்டரும் பேசவில்லை.

இன்னோர் அடையாளமும் சொன்னான். சில வேளைகளில் கொம்பியூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணாகக் காட்டும். அப்படியானால், அது முகவரி கேட்டுக் கூப்பிட்டு எவரும் பதில் சொல்லாததால் தனக்குத் தானே ஒரு பெயரை வைத்துக்கொண்டது என்று அர்த்தமாம். தமிழ் படிப்பித்த எனக்கு அந்தக் கொம்பியூட்டர் மேல் ஒரு பரிதாபமே வந்துவிட்டது.

ரவுட்டரின் முதுகில், ஒவ்வொரு துவாரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் உண்டு. கேபிளின் இரு முனையும் ஒன்றையொன்று உணர்ந்தால் அது பத்தும். தகவல் போய்வந்தால் மினுங்கும். பேரனை அதற்குக் காவல் வைத்தேன். நாலு வயதுக்காரனுக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? சப்பாணி கட்டியிருந்து, “நூந்துட்டு மூத்தவாப்பா!” என்று கத்துவான். பின்னறையிலிருந்து மகள், “ஓம், போயிட்டு” என்பாள். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. கேபிளிலோ அதன் முனைகளிலோதான் விசயம் என்பது இப்படி உறுதியானது.

ஆனாலும் ஏன் பதினொரு மணிக்குப் பின்? இதற்கு மகளுடைய கொப்பிதான் உதவியது. மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தரமும் போன நேரத்தை அவள் எழுதி வைத்திருந்தாள். 11.10, 11.25, 12.40, 2.05 என்று பக்கம் பக்கமாக. விட்டுப்போன நாட்கள் இரண்டுதான். அந்த இரண்டு நாளும் காற்றில்லாமல் புழுங்கிய நாட்கள் என்பது அவளுடைய உம்மாவுக்கு நினைவிருந்தது. உடுப்புக் காயப்போடுகிறவர்களுக்குக் காற்றின் கணக்கு நன்றாகத் தெரியும். கச்சான் காலத்தில் எங்கள் பக்கம் வெயிலேற ஏறக் காற்றும் எழும்பும். முன்மண்டபத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் சீலைத்திரை உப்பி உள்ளே வரும். உப்பிய திரை, ரவுட்டரிலிருந்து தொங்கும் நீலக் கேபிளை உரசிவிட்டுத் திரும்பும். எட்டரை மணிக்கு வந்த பொடியனுக்குக் காற்று கிடைக்கவில்லை.

அந்த முனையைக் கழற்றிப் பார்த்தேன். கழற்றினேன் என்பதே தவறு. அது கையோடு வந்தது. இந்தப் பிளக்கின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்க வேண்டும். செருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். நாக்கு துவாரத்தின் விளிம்பில் கொழுவிக்கொள்கிற சத்தம் அது. எங்களுடையதில் நாக்கு அடியோடு ஒடிந்திருந்தது. மே மாதம் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அலுமாரியை நகர்த்தும்போது கேபிளைப் பின்பக்கமாக இழுத்தார்கள். வயர்க் கூட்டத்துக்குள் பின்னோக்கி இழுபடும்போது தூண்டில் முள்போல எங்காவது கொழுவுப்பட்டு முதலில் முறிவது இந்த நாக்குத்தான்.

நாக்கில்லாத பிளக் பார்வைக்கு உள்ளே இருப்பது போலத்தான் இருக்கும். பிளக்கினுள் எட்டு உலோகத் தகடுகள். துவாரத்தினுள் எட்டு வில்லுக் கம்பிகள். ஒவ்வொரு தகடும் தன் கம்பியை அழுத்தியிருக்க வேண்டும். அந்த வில்லுகள் எப்போதும் பிளக்கை வெளியே தள்ளப் பார்க்கின்றன, கேபிளின் பாரமும் கீழே இழுக்கிறது. தடுப்பதற்கு நாக்கு இல்லை. சிறிது பின்வாங்கினாலே போதும். எட்டில் நாலு தொட்டாலும் சில வேளை ஓடும். 100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகளே தேவை. ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஆகவே மற்ற நாலில் ஒன்று தொடாவிட்டால், பல கருவிகள் தாமாகவே நூறுக்கு இறங்கி ஒன்றும் நடவாதது போல ஓடும். ‘வேகம் குறைந்து போச்சு’ என்று கொம்பனியைத் திட்டுகிற வீடுகளில் சிலவற்றில் இதுதான் நடக்கிறது போலும்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் அரைக் கட்டை தூரம். அந்தத் தகடுகளுக்கு மெல்லிய தங்கப் பூச்சு இருக்கிறது. மலிவான பிளக்குகளில் அது பெயருக்குத்தான். ஆடி ஆடித் தேய்ந்த இடத்தில் உப்புக் காற்றுப் பட்டால் களிம்பு பிடிக்கும். எங்கள் பிளக்கிலும் இரண்டு தகடுகள் மங்கலாகித்தான் இருந்தன.

‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று மின்வேலைக்காரர் சொல்வதை நாங்கள் மனிதருக்கும் சொல்லப் பழகிவிட்டோம். ஒருவரை லூஸ் என்றால் அவர் எப்போதும் அப்படி என்று நினைக்கிறோம். கேபிளைப் பொறுத்தவரை, அறுந்துபோனது ஒரு தொல்லையே அல்ல, ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். பாதி நேரம் நல்ல பிள்ளையாக இருப்பதுதான் ஏழு வாரம் எடுக்கிறது.

ஈதர்நெட் என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் அமெரிக்காவில், சேரொக்ஸ் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் றொபர்ட் மெட்காஃப் என்பவர் இட்ட பெயர் அது. ஒளி பரவுவதற்கு வெளியெங்கும் ‘ஈதர்’ என்றொரு பொருள் நிறைந்திருப்பதாக முன்னைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் பெரும் பாடுபட்டுத் தேடியும் அது அகப்படவில்லை. அந்த இல்லாத பொருளின் பெயரைத்தான் இந்தக் கேபிள் சுமக்கிறது.

பேரனின் அட்டைப்பெட்டித் துண்டொன்றை மடித்துப் பிளக்கின் முதுகில் ஆப்பாக வைத்து அன்றைய பொழுதை ஓட்டினோம். செலோடேப்பால் ஒட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் ஊர்ச் சூட்டில் டேப்பின் பசை இளகி, இரண்டு நாளில் துவாரத்துக்குள் இறங்கும். அதைவிட அட்டை மேல். ஆனால் இரண்டுமே அன்றைக்கு மட்டும்.

பின்னேரம் பஸாரிலிருந்து கொம்பியூட்டர்க் கடைப் பையன் குறடோடு வந்தான். முனையை ஓர் அங்குலம் வெட்டி எறிந்தான். நீலத் தோலுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நாலு சோடிகள். முறுக்குவது அழகுக்கல்ல. பக்கத்து மின்சாரத்தின் இரைச்சல் சோடியின் இரண்டு கம்பியிலும் ஒரேயளவாக ஏற, முடிவில் கழிபட்டுப் போகும். தொலைபேசிக் கம்பிக்காக கிரகம் பெல் 1881இலேயே இதற்கு உரிமம் எடுத்துவிட்டார்.

“ஓடர் மாறினா வேலைக்காகா சேர்” என்று சொல்லிக்கொண்டே பையன் அடுக்கினான்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடியைப் பிரித்து அதன் நடுவில் நீலச் சோடியை ஏன் புகுத்துகிறார்கள் என்று கேட்டேன். நடு இரண்டும் பழைய தொலைபேசிக்கு உரிய இடமாம். அதைத் தொடாமல் சுற்றிப் போகிறார்களாம். புதிய பிளக்கினுள் தள்ளி, குறட்டால் ஒரே அமுக்கு. துவாரத்தை ஊதித் துடைத்து, பக்கத்துத் துவாரத்துக்கு மாற்றிக் கொழுவினான். டிக். கேபிளைச் சற்றுத் தளர்வாக விட்டு, சுவரில் ஓர் ஆணியும் கிளிப்பும் அடித்தான், பாரம் பிளக்கில் விழாதபடி. திரையை நான் ஒரு நாடாவால் கட்டிவிட்டேன். இருநூறு ரூபா கேட்டான்.

மகள் கதிரையை இழுத்துப் போட்டு அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மற்ற முனையும் பழசுதானே தம்பி, அதை நான் போட்டுப் பார்க்கட்டா?” என்று கேட்டாள். பையன் என்னைப் பார்த்தான், பிறகு குறட்டை அவளிடம் கொடுத்தான். முதல் பிளக் வீணாயிற்று. மண்ணிறம் முன்னுக்கு வந்துவிட்டது. இரண்டாவது பிடித்தது.

கொப்பியில் அதன் பிறகு பதினேழு நாட்கள் ஒன்றும் எழுதப்படவில்லை. பதினெட்டாம் நாள் ஒரு வரி: ‘3.15, கரண்ட் போனது.’ செப்டம்பரில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தகுதிகாண் காலத்தை இரண்டு மாதம் நீட்டியிருந்தார்கள். நவம்பரில் நிரந்தரமாக்கினார்கள். முதல் சம்பள உயர்வில் அவள் வாங்கியது பேரனுக்கு ஒரு சோடிச் சப்பாத்து, உம்மாவுக்கு ஒரு சேலை, தனக்கு ஒரு குறடு. எங்கள் ஒழுங்கையில் இப்போது நாலு வீட்டுக் கேபிள்களின் முனை அவள் போட்டது. ஐந்தாவது வீட்டுக்காரி நேற்றுக் காலை பிளக்கைக் கையிலேயே கொண்டுவந்து, “இதுக்கு நாக்கு இரிக்கா பாருங்க” என்று வாசலில் நின்றாள்.