பழைய வண்டிக்குப் புதிய மூச்சு வேண்டுமா?



ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஆலய வளாகத்தில் நிற்கும் பழைய வண்டிகளை நான் பார்ப்பதுண்டு. மாருதி 800, அம்பாசிடர் இரண்டும் 2014-ஆம் ஆண்டிலேயே உற்பத்தி நின்றுபோனவை. ஆயினும் வயதான தாயாரை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளின் திருமண அழைப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவைதாம் இன்றும் பல குடும்பங்களுக்குத் துணை. பழைய வண்டியையே ஓட்டுகிறவனாகையால், உங்களில் சிலர் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

கம்பெனி ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தித் துணியாலான ஃபில்டரைப் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், கழுவிக் கழுவிப் பல வருஷம் ஓட்டலாம் என்கிறார்கள். சாதாரணக் காகித ஃபில்டர் சில நூறு ரூபாய், இதுவோ ஆயிரக்கணக்கில். மாத வருமானத்தை எண்ணிச் செலவிடும் வீட்டுக்கு இது சிறிய தொகை அன்று. ஆகையால் நிதானித்துப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டி 10,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் சுமார் 60 லட்சம் லிட்டர் காற்றை உள்ளிழுத்துவிடுகிறது. அந்தக் காற்று எப்படிப்பட்டது என்பதே நம் கேள்வியின் உயிர்நாடி.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் பாதையில் வயலும் வாய்க்காலும் உண்டு. காற்றில் ஈரம் உண்டு. அதே வண்டி சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம் பக்கம் தேரிக்காட்டைக் கடக்கும்போது நிலைமை வேறு. ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்றில் செம்மணல் சாலையின் குறுக்கே ஓடுவதைக் கண்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத பொடியில் இருக்கிறது. அது பெரும்பாலும் குவார்ட்ஸ், இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் ஆயிலோடு கலந்து, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும். கடைசியில் இன்ஜினை இறக்க வேண்டியதுதான். பழைய வண்டியின் விலையைவிட அந்த வேலைக்கு ஆகும் செலவு பெரிதாகிவிடவும் கூடும்.

காற்றைத் தாராளமாக விடுவதும் பொடியை முற்றிலும் தடுப்பதும் ஒன்றுக்கொன்று இழுபறியானவை. காகித ஃபில்டர் இந்த இழுபறியில் பொடியைத் தடுக்கும் பக்கம் சாய்ந்து நிற்கிறது. நம் ஊர்ச் சாலைகளுக்கு வேண்டியதும் அதுவே.

அப்படியானால் மைலேஜ்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தபோதும் பெட்ரோல் செலவு கூடவில்லை, வேகமெடுப்பதுதான் குறைந்தது. காரணம் எளியது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை நாம் பாதிகூட மிதிப்பதில்லை. காற்று வரும் வழியை அதுவே மறித்து வைத்திருக்கிறது. கதவைச் சாத்திவைத்துவிட்டு ஜன்னல் திரையை மெல்லியதாக மாற்றினால் வீட்டுக்குள் காற்று கூடுமா? கார்புரேட்டர் வண்டியில் மட்டும் அடைபட்ட ஃபில்டரை மாற்றியபோது 2 முதல் 6 சதவீதம் வரை மிச்சமானது. கவனியுங்கள்: அழுக்கான ஃபில்டருக்குப் பதிலாகச் சுத்தமானதைப் போட்டதால் கிடைத்த பலன் அது. சாதாரணக் காகித ஃபில்டரும் அதைத் தரும்.

ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவாறு மாட்டுகிறவர்களும் உண்டு. அது பானட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கும். வெளியே 38 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. இன்ஜினின் பலமும் அதற்கேற்பக் குறையும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோல் தோன்றும், அவ்வளவே. குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைக் கீழே பம்பர் அருகே இறக்கினாலோ வேறொரு ஆபத்து உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை, தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்தது. அத்தகைய வெள்ளத்தில் தாழ்ந்த குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

கழுவும் ஃபில்டர் ஒருவருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர், பழைய பெட்டிக்குள்ளேயே சரியாகப் பொருந்தும் ஃபில்டரை வாங்கி, முறைப்படி கழுவி, முழுவதும் உலரவிட்டு, அளவாக எண்ணெய் தடவுவாரானால், சில ஆண்டுகளில் போட்ட காசு திரும்பலாம். எண்ணெய் குறைந்தால் பொடி உள்ளே புகும். மிகுந்தால், காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அந்தச் சென்சார் கெடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் காகிதத்தோடு இருப்பதே நலம்.

மற்ற எல்லாருக்கும் என் ஆலோசனை இதுதான். ஆடிக்காற்று தொடங்குமுன் ஒருமுறை ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி தெரியாத ஃபில்டரை மாற்றிவிடுங்கள். கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள். காகிதம் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியின் கிளிப்புகள் இறுகியிருக்கின்றனவா, ரப்பர் ஓரம் பொருந்தியிருக்கிறதா, ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ஓஸ் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த ஓஸில் ஒரு கீறல் இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டரைப் போட்டாலும் பொடி பின்வாசல் வழியாகப் போய்விடும். தேரிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் புத்தகத்தில் சொல்லப்பட்ட கிலோமீட்டருக்குப் பாதியிலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

மிஞ்சும் பணத்தில் தேய்ந்த டயரை மாற்றுங்கள், பிரேக்கைப் பாருங்கள். இரவு நேரத்தில் அம்மாவை அவசரமாக அழைத்துச் செல்ல நேர்ந்தால், உங்களுக்கு உதவப்போவது அவைதாம்.