என்ஃபீல்டில் அசலைத் தேடி

லண்டன் லிவர்பூல் ஸ்டிரீட் நிலையத்திலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் என்ஃபீல்டு லாக் வந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்கும் ஊர் அல்ல. நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் லீ ஆற்றுக் கால்வாய். கரையில் கட்டிப்போட்ட நீளப் படகுகள், நாயோடு நடக்கும் முதியவர்கள், வரிசையாகச் செங்கல் வீடுகள். பார்த்தால் அமைதியான குடியிருப்பு.

ஆனால் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நாம் பழைய தமிழ்ப் படங்களில் கேட்ட போலீஸ் துப்பாக்கியின் பெயர் இங்கிருந்துதான் வந்தது. பிரிட்டிஷ் அரசு 1816இல் இந்த ஆற்றோரச் சதுப்பில் துப்பாக்கித் தொழிற்சாலையை நிறுவியது. 1857 சிப்பாய்க் கலகத்திற்குத் தீப்பொறியாக அமைந்த தோட்டாக்கள் எந்தத் துப்பாக்கிக்கானவையோ, அதற்கும் என்ஃபீல்டு என்றுதான் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த போல்ட்டும், என்ஃபீல்டில் உருவான குழலும் சேர்ந்து 1895இல் ‘லீ-என்ஃபீல்டு’ ஆனது. தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. 1850களில் எழுந்த பெரிய இயந்திரக்கூடமும் அதன் மணிக்கூண்டும் இடிபடாமல் நிற்கின்றன. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன.

என்னை அங்கே அழைத்துப் போனவர் பெரியம்மா மகன். லண்டனில் வேலை பார்க்கிறார். பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எங்கள் தாத்தா அவசரகாலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகக் காவல் இருந்தவர். 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. காக்கிச் சட்டையும் கையில் துப்பாக்கியுமாகத் தாத்தா நிற்கும் படம் ஒன்றே ஒன்று வீட்டில் இருக்கிறது. “அந்த மாதிரி ஒன்று என் வீட்டுச் சுவரில் இருக்கணும், தம்பி. பிள்ளைகளுக்குக் காட்டணும்” என்றார் அண்ணன்.

முத்திரை வைத்த மாதிரி

என்ஃபீல்டில் ஒரு காலத்தில் ‘பேட்டர்ன் ரூம்’ என்றோர் அறை இருந்தது. ராணுவம் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு மூல மாதிரி அரக்கு முத்திரையோடு அங்கே பாதுகாக்கப்பட்டது. எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் அந்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். தொழிற்சாலை மூடப்பட்டபின் இந்தச் சேகரிப்பு நாட்டிங்ஹாமுக்குப் போய், இப்போது லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். “அப்படியானால் போர்வீரன் கையில் இருந்ததெல்லாம் நகல்தானே அண்ணே? அசல் என்று எதைச் சொல்வது?”

அண்ணன் விளக்கினார். சேகரிப்பவர்கள் பாகங்களை மூன்று விதமாகப் பார்க்கிறார்களாம். முதலாவது, தொழிற்சாலையை விட்டு வந்தபோதே இருந்த பாகம். உடலிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்கும். இரண்டாவது, ராணுவப் பட்டறையில் மாற்றிய பாகம். பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணைக் குத்தியிருப்பார்கள். முழுமையாகப் பழுதுபார்த்த துப்பாக்கியில் ‘எஃப்.டி.ஆர்.’ என்ற எழுத்துகளும் ஆண்டும் இருக்கும். மூன்றாவது, பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்த புதுப் பாகம். முதல் இரண்டும் அந்தத் துப்பாக்கியின் வரலாறு. மூன்றாவது அப்படி அல்ல. அதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் தவறில்லை. மறைத்து விற்றால் ஏமாற்று.

சந்தையில் ஒரு காட்டுத் துப்பாக்கி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் ராணுவப் பழம்பொருள் சந்தை. பதக்கம், தொப்பி, தண்ணீர்க் குடுவை, பயனெட் என்று மேசை மேசையாகப் பரப்பியிருந்தார்கள். அங்கே விற்கப்படும் துப்பாக்கிகள் செயலிழக்கச் செய்யப்பட்டவை. குழலை அடைத்து, போல்ட்டைச் சிதைத்து, இனிச் சுடவே முடியாது என்று சோதனைச் சாலை முத்திரையும் சான்றிதழும் தந்திருக்கும்.

அண்ணன் தேடியது ‘ஜங்கிள் கார்பைன்’. நம்பர் 5 என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். காட்டுப் போருக்காக 1944 முதல் 1947 வரை செய்யப்பட்டது. வழக்கமான நம்பர் 4 துப்பாக்கியைவிட 5 அங்குலம் குட்டை, எடையும் குறைவு. குழல் நுனியில் தீச்சுடரை மறைக்கும் புனல், அடிக்கட்டையில் ரப்பர் திண்டு. மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் வீரர்கள் தூக்கித் திரிந்தது இதைத்தான். பெயரில் என்ஃபீல்டு இருந்தாலும் இது என்ஃபீல்டில் செய்யப்படவில்லை. லிவர்பூலை அடுத்த ஃபசாக்கர்லியிலும், பர்மிங்காம் அருகே ஷர்லியிலும் இருந்த தொழிற்சாலைகளில்தான் செய்யப்பட்டது.

ஒரு மேசையில் அது இருந்தது. பளபளக்கும் மரம், கருகருவென்று உலோகம். விலை 750 பவுண்டு. அண்ணன் கை பணப்பைக்குப் போய்விட்டது. பக்கத்து மேசைக்காரர், எழுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர், மெதுவாக இருமினார். “குறிபார்க்கும் அளவுகோலில் கடைசி எண் என்ன என்று பாருங்கள்” என்றார்.

பார்த்தோம். 1300. நம்பர் 5இல் அது 800 கஜத்தோடு நின்றுவிட வேண்டும். 1300 என்பது நம்பர் 4இன் அளவுகோல். அது மட்டும் என்றால் யாரோ மாற்றிப் போட்டிருக்கலாம் என்று விடலாம். அவர் சிறிய டார்ச்சை எடுத்து மற்ற இடங்களையும் காட்டினார். அசல் நம்பர் 5இல் எடையைக் குறைக்க உடலின் உலோகத்தையும், குழலின் தடித்த அடிப்பகுதியையும் ஆங்காங்கே செதுக்கி எடுத்திருப்பார்கள். இதில் அப்படி எதுவும் இல்லை. புனல் சிறு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருந்தது. அசலில் ஊசி அடித்து இறுக்கியிருப்பார்கள். இடப்பக்கம் ‘நம்பர் 5’ என்ற பொறிப்பும் இல்லை. மரத்தைத் தேய்த்துப் புதிதாக எண்ணெய் பூசியதில், இருந்திருக்கக்கூடிய பழைய முத்திரைகளும் போய்விட்டன. ஒரு நம்பர் 4 துப்பாக்கியை அறுத்து, கடையில் கிடைக்கும் நகல் புனலையும் மரத்தையும் மாட்டியது அது.

விற்றவரிடம் கேட்டோம். “ஜங்கிள் கார்பைன் பாணி என்றுதானே சொன்னேன்” என்றார். சீட்டில் ‘பாணி’ என்ற சொல் இல்லை.

படம் சொன்ன சாட்சி

அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எதற்காகத் தேடுகிறோம் என்று விசாரித்தார். அண்ணன் கைப்பேசியில் தாத்தாவின் படத்தைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“உங்கள் தாத்தா வைத்திருப்பது கார்பைனே இல்லை” என்றார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். புனல் இல்லை. மரம் கிட்டத்தட்ட நுனிவரை ஓடி, அதற்கப்பால் மூன்று விரல் அளவு குழல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாதாரண நம்பர் 4.

இத்தனை ஆண்டுகளாக அந்தப் படத்தை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தாத்தாவின் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் கையில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பெரியவரிடம் ஒரு நம்பர் 4 இருந்தது. அழகாக இல்லை. மரத்தில் பள்ளங்கள், முன்மரமும் பின்மரமும் வேறு வேறு நிறம். போல்ட்டில் பழைய எண் கோடிட்டு அடிக்கப்பட்டு, கீழே புதிய எண். இடப்பக்கம் ‘எஃப்.டி.ஆர். 49’. தோள்வார் மட்டும் புதுநகல் என்று அவராகவே சொல்லி, ரசீதிலும் எழுதித் தந்தார். விலையும் முதலில் பார்த்ததைவிடக் குறைவு. அண்ணன் இம்முறை பேரம்கூடப் பேசவில்லை.

வாசகர்களுக்கு

பழம்பொருள் எதுவானாலும் இந்தப் பாடம் பொருந்தும். பளபளப்பைப் பார்க்காமல் எண்களைப் பாருங்கள். எந்தப் பாகம் அசல், எது பட்டறையில் மாற்றியது, எது புதுநகல் என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று முக்கியம். இவை பிரிட்டனில் இருப்பவர்களுக்கான விஷயம். அங்கேயே துப்பாக்கி கைமாறும்போது உள்துறை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. சுடாதது, வெறும் மாதிரி என்று சொல்லி அனுமதியில்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவர நினைக்கவே கூடாது.

பார்க்க ஆசையுள்ளவர்கள் லீட்ஸ் ராயல் ஆர்மரீஸுக்குப் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு போர்ட் டிக்சன் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. போவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய படங்கள் இருந்தால் வாங்கிப் பாருங்கள். படத்தில் இருப்பது யார், எந்தத் தோட்டம், கையில் என்ன என்று கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர்தான் நம்மோடு இருக்கிறார்கள்.