இருட்டில் சென்ற கொட்டான்



பிறருக்கு உதவுவது எளிது. உதவி பெறுகிறவர் தலை குனியாதபடி உதவுவது அரிது. இதை எனக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத என் ஆச்சி. அவர் கற்பித்ததை இடையில் நான் மறந்துபோனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மணல் தேரியின் ஓரத்தில் அமைந்தது எங்கள் சிற்றூர். அந்நாளில் பனையே ஊரின் பிழைப்பு. பங்குனி முதல் ஆடி வரை ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குவர். பெண்கள் விடிலியில் அதைக் காய்ச்சி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவர். பதநீர்க் காலம் முடிந்துவிட்டால், பல வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரியும்.

ஆச்சியின் அடுப்படியில் ஒரு மண்கலயம் இருந்தது. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து அதில் இடுவார். அரிசி குறைந்த நாளில் பிடி சிறுக்குமே தவிர, விட்டுப்போனதில்லை. ஊரில் பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சுக்கும் கருப்பட்டியும் இடித்துக்கொண்டு முதலில் செல்பவர் அவர். இழவு வீட்டுக்குக் கஞ்சிப் பானையோடு செல்பவரும் அவரே.

1978 ஆம் ஆண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் நிலத்தை அடுத்த நிலத்துக்காரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். வீட்டில் ஐந்து சிறு பிள்ளைகள். அவருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லையில் நின்ற இரண்டு பனைகளுக்காக அவர் எங்கள்மீது வழக்குத் தொடுத்திருந்தார்.

ஒரு நாள் இரவு, ஆச்சி பனையோலைக் கொட்டானில் அரிசியை நிரப்பி என் கையில் கொடுத்தார். "அவுக திண்ணையில வச்சிட்டு வந்துரு. கதவத் தட்டாத, ஒண்ணும் சொல்லாத" என்றார். இருட்டுக்கு அஞ்சிய நான், காலையில் கொண்டுபோகிறேனே என்றேன். "வெளிச்சத்துல குடுத்தா அவன் வாங்க மாட்டாம்ல. வாங்குனாலும் பிள்ளைய முன்னால தலை குனிஞ்சு போகும்" என்றார்.

வாரம் இருமுறை கொட்டான் சென்றது. மறுநாள் காலையில் அது வெறுமையாய் எங்கள் வேலியில் தொங்கும். யார் கொண்டுவந்து மாட்டியது என்று ஆச்சி ஒருபோதும் கேட்டதில்லை.

ஒரு நாள் அப்பா என்னை வழியில் கண்டுவிட்டார். வீட்டில் பெருஞ்சண்டை மூண்டது. "நம்மளக் கோர்ட்டுக்கு இழுத்தவனுக்கு நம்ம வீட்டு அரிசியாம்மா?" என்று கொதித்தார். ஆச்சி முறத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கேஸு பனைக்குத்தாம்ல. பிள்ளைய வயித்து மேல ஏது கேஸு?" என்றார். அப்பா பதில் சொல்லாமல் வெளியே போனார். வழக்கு மேலும் சில ஆண்டுகள் நடந்தது. அந்த மனிதர் எழுந்து நடமாடும்வரை அரிசியும் சென்றுகொண்டிருந்தது.

1994 இல் ஆச்சி இறைவனடி சேர்ந்தார். குருமடத்திலிருந்து விடுப்புப் பெற்று வந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அந்த மனிதர் கம்பூன்றி வந்து, ஒரு பிடி மண்ணைக் குழியில் இட்டார். பின் என் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எந்த வீட்டு அரிசின்னு மொத நாளே தெரியும் தம்பி. ஆத்தா முடைஞ்ச கொட்டான் ஊருல யாருக்குத் தெரியாது?" இருவரும் அறிந்திருந்தார்கள், அறிந்ததை ஒருவரிடம் ஒருவர் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை. அந்த மௌனமே அவர்களுக்குள் உண்டான ஒப்புரவு எனலாம்.

வலக்கையையும் இடக்கையையும் பற்றி ஆண்டவர் கூறியதை இறையியல் தேர்வில் நான் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன். ஆனால் 2023 டிசம்பரில் பெய்த பெருமழை என் கல்வியை வேறுவிதமாகச் சோதித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்த மழை அது. என் பங்கிலும் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நிவாரண அரிசி வந்ததும் கோவில் முற்றத்தில் மேசையிட்டு, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஒரு மூதாட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார். "அம்மா, முகத்தைக் காட்டுங்கள்" என்றேன். அவர் காட்டினார். கண்கள் நிறைந்திருந்தன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணக்குக் காட்டப் படம் தேவை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட ஏடு ஒன்றே கணக்குக்குப் போதும் என்பது எனக்குத் தெரியாததா? ஆச்சி வெட்கத்திலிருந்து காத்த ஒரு முகத்தை நான் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் எஞ்சிய மூட்டைகளை, மாலைச் செபத்துக்குப் பின் பங்கு இளைஞர்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்கள். அந்த மூதாட்டியின் வீட்டுக்கு நானே சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன சாமி" என்று சொல்லி, எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.