வழியில் ஒரு கண்

ஆரியசாலையில் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டியும் கல் உப்பும் விற்கும் குடும்பம் அது. மகன் மட்டும் கடையில் உட்காரவில்லை. நெய்யாறு, பேப்பாறை காடுகளில் மரத்துக்கு மரம் தானியங்கி காமிரா கட்டும் ஒப்பந்த வேலை அவருக்கு. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரே சந்தேகம்: "எதுக்கு மக்கா மாசக்கணக்குல காத்துக் கெடக்கணும்? காமிரா முன்னால ரெண்டு கருப்பட்டிய ஒடைச்சுப் போட்டா யானையும் கரடியும் தானா வராதா?"

வியாபாரியின் மூளை. ஆனால் அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் செய்வதும் இதைத்தான். மக்காச்சோளம் நிரப்பிய தீனிப் பீப்பாயை நிறுத்தி, எதிரே காமிராவைக் கட்டுகிறார்கள். எந்த மான், எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்துவிடும்.

"ஓசிச் சாப்பாட்டுக்கு வர்ற கூட்டத்த எண்ணிட்டு, சாலைக் கடைத்தெருவுல இவ்வளவுதான் சனம்னு சொல்ல முடியுமாப்பா?" என்பது மகனின் பதில்.

தீனிக்கு வேறு விலையும் உண்டு. அரிசி ருசி கண்டு சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் அது கம்பம் தெருவில் நின்றது. ஜூனில் மறுபடி பிடிபட்டு, களக்காடு-முண்டந்துறைக்குப் போனது.

அதனால் புலிக் கணக்கெடுப்பில் காமிரா தேடுவது தீனியை அல்ல, தடத்தை. விலங்கு நடக்கும் பாதையின் இரு பக்கமும், முழங்கால் உயரத்தில், ஒன்றின் வெளிச்சம் மற்றதன் கண்ணில் அடிக்காதபடி சற்றே விலக்கி இரண்டு காமிராக்கள். புலியின் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு. இரண்டும் கிடைத்தால்தான் அடையாளம் உறுதியாகும். எதிரே ஆடும் புல்லை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் புல்லின் படம்தான் மிஞ்சும். 1990களில் நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் நிலைநாட்டிய இந்த முறை, 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களுக்கு விரிந்தது. விழுந்த படங்கள் சுமார் 3.48 கோடி. அவற்றில் புலி இருந்தவை 76,651.

ஆனால் தடம் விலங்குக்கு மட்டும் சொந்தமில்லை. கார்பெட் காட்டோரம் 2017ல், ஒதுங்கப் போன ஒரு பெண் காமிராவில் பதிந்தார். அந்தப் படம் உள்ளூர் வலைதளக் குழுக்களில் சுற்றியது. கோபமடைந்த கிராமத்தார் காமிராக்களை எரித்தார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் த்ரிஷாந்த் சிம்லாய் 2024ல் எழுதிய கட்டுரை, இன்னும் ஆழமான இழப்பைச் சொல்கிறது. விறகு பொறுக்கும்போது சத்தமாகப் பேசியும் பாடியும் விலங்குகளை விலக்கி வைத்த பெண்கள், யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் குரலை அடக்கிக்கொண்டார்கள். காக்க வந்த கருவி ஆபத்தை அருகே கொண்டுவந்தது.

அதைப் படித்ததிலிருந்து மகன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். பட்டையை மரத்தில் இறுக்குமுன் காணிக்காரர் குடியிருப்புக்குப் போய், பெண்கள் எந்த வழியாகப் போவார்கள் என்று கேட்பார். அந்த வழியில் காமிரா கிடையாது. புலி போனாலும் போகட்டும்.

இதைக் கேட்ட அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மிளகாய் புடைக்கும் பெண்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் பின்சந்தைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக் காமிராவை, கல்லாவின் பக்கம் திருப்பி வைத்தார்.