அரை வயிறோடு வாருங்கள்

டெல்லிக்குப் போகும் நம்ம ஊர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் விசாரிக்கிற முதல் விஷயம், செங்கோட்டை எந்தப் பக்கம் என்பதல்ல. 'இட்லி எங்கே கிடைக்கும்?' என்பதுதான். கரோல்பாக்கில் ஒரு ஹோட்டலைக் கண்டுபிடித்து, மூன்று நாளும் அங்கேயே சாப்பிட்டு, 'சாம்பார்ல என்னமோ குறையுது' என்று புலம்பிவிட்டு ஊர் திரும்புவார்கள். குதுப்மினார் முன்னால் போட்டோ எடுத்திருப்பார்கள். டெல்லியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வாயால் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிண்டல் இல்லை. வெளியூரில் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்வது லேசான காரியமா? எந்தக் கடை எண்ணெய் எப்படியோ, எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது ஒரு மருந்து வந்திருக்கிறது. 'ஃபுட் வாக்' என்கிறார்கள். காசு கட்டிவிட்டால் போதும். ஊர் தெரிந்த ஒருவர் உங்களை மூன்று, நான்கு மணி நேரம் சந்து சந்தாக நடத்திக் கூட்டிப்போய், நல்ல கடையாகப் பார்த்துச் சாப்பிடவைத்து, நடுநடுவே சரித்திரமும் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

போன ஜனவரியில் நான் பழைய டெல்லியில் அப்படி நடந்தேன். முதல் நாள் இரவே கைடிடம் இருந்து மெசேஜ் வந்துவிட்டது. 'காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள். நடக்கத் தோதான செருப்பு போடுங்கள். எந்தக் கடையிலும் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். கடைசி வரை அரை வயிறு காலியாக இருக்க வேண்டும்.'

சாவ்ரி பஜார் மெட்ரோ வாசலில், பனி விலகாத காலை நேரத்தில், நாங்கள் ஏழு பேர் நின்றோம். கைடு இருபத்தைந்து வயசுப் பையன். இந்தக் கோட்டைச் சுவருக்குள் பிறந்து வளர்ந்தவன். சரித்திரம் படித்துவிட்டு, அந்தப் படிப்பைச் சோற்றோடு சேர்த்துப் பிழைக்கிறவன்.

முதல் நிறுத்தம் பேட்மி பூரி. கோதுமை மாவுக்குள் உளுந்தும் மசாலாவும் அடைத்துப் பொரித்த பூரி. தொட்டுக்கொள்ளப் பெருங்காயம் மணக்கும் உருளைக்கிழங்குக் குழம்பு. பக்கத்திலேயே 'நாகோரி அல்வா'. மொறுமொறுவென்று சின்ன ரவைப் பூரி, அதோடு ரவை கேசரி மாதிரி ஒரு அல்வா. காலை டிபனுக்கே இனிப்பா என்று கேட்காதீர்கள். அந்த ஊர் குளிருக்கு அதுதான் நியாயம்.

"ஷாஜகான் இதைச் சாப்பிட்டிருப்பாரா சார்?" என்று கூட வந்த ஒருவர் கேட்டார்.

"பூரியை விடுங்க, உருளைக்கிழங்கைச் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்று சிரித்தான் பையன்.

உண்மைதான். ஷாஜகான் 1639-ல் இந்த ஊரைக் கட்டத் தொடங்கி, 1648-ல் ஆக்ராவில் இருந்து தலைநகரை இங்கே மாற்றினார். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவை. அதிலும் உருளைக்கிழங்கு வட இந்தியாவில் நன்றாகப் பரவியது ஆங்கிலேயர் காலத்தில். சமோசா பாரசீகத்தில் இருந்து வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் துக்ளக் அரண்மனை விருந்தில் சமோசா பரிமாறியதை இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். ஆனால், அதற்குள் இருந்தது கிழங்கு இல்லை. கொத்திய கறியும் பாதாம், பிஸ்தாவும். ஜிலேபிகூட அரபு நாட்டு 'ஜலாபியா'வின் பேத்திதான். 'எங்க ஊர்ப் பாரம்பரியச் சாப்பாடு' என்று அடித்துச் சொல்கிற எல்லோரையும் ஒருமுறை இந்தத் தெருவில் நடக்கவிட வேண்டும். தட்டில் இருப்பதில் பாதி, எப்போதோ வந்து இறங்கிய வெளியூர்க்காரன்.

அடுத்தது, நான் ஆசையாகக் காத்திருந்த 'தௌலத் கி சாட்'. பெயரில்தான் சாட். புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. பாலையும் க்ரீமையும் விடிய விடியக் கடைந்து, மேலே வரும் நுரையை மட்டும் வழித்துச் சேர்ப்பார்கள். பனி விழும் இரவில் செய்தால்தான் அந்த நுரை நிற்கும். அதனால் குளிர்காலத்தில் மட்டும், காலை வேளையில் மட்டும் கிடைக்கும். வெயில் ஏறினால் வியாபாரமே உருகிவிடும். கிண்ணத்தில் நுரையை அள்ளி, மேலே குங்குமப்பூ, துருவிய கோவா, பொடித்த சர்க்கரை தூவிக் கொடுத்தார் ஒரு பெரியவர். வாயில் வைத்தேன். இருந்தது. அடுத்த நொடி இல்லை.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் அடக்க விலை என்ன என்று மனசு கணக்குப் போடும். இந்தப் பண்டத்தில் பாதிக்கு மேல் காற்று. சரக்கு மிஞ்சினால் நாளைக்கு விற்க முடியாது. ஸ்டாக் என்ற பேச்சே கிடையாது. போட்ட முதலில் பெரும் பகுதி, ஒரு மனுஷனின் ஒரு ராத்திரித் தூக்கம். அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

கினாரி பஜாரின் ஜரிகைக் கடைகளைத் தாண்டி, வெள்ளிக் கடைகள் நிறைந்த தரிபா கலான் தெரு வழியாக நடந்தால், முனையில் ஒரு ஜிலேபிக் கடை. 1884-ல் இருந்து நடக்கிறது. நம்ம ஊர் ஜிலேபி மாதிரி மெல்லிசாக இல்லை. கட்டைவிரல் தடிமன். நெய்யில் பொரித்து, சுடச்சுட. அந்தப் பக்கம் பராட்டா வாலி கலி என்ற சந்து. பராட்டாவைத் தோசைக்கல்லில் போடாமல் சட்டியில் நெய் விட்டுப் பொரிக்கிறார்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத பழக்கம் அங்கே உண்டு. ஒரு கடையின் தொடக்கம் 1872 வரை போகிறது.

கவனித்தீர்களா? ஒரு கடை, ஒரு பண்டம். நம்ம ஊரில் ஹோட்டல் மெனு கார்டை எடுத்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி நாலு பக்கம் விரிகிறது. இங்கே ஜிலேபிக்காரர் ஜிலேபியும், கூட நாலு சமோசாவும் போடுவார். அவ்வளவுதான். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் ரொம்பப் புத்திசாலித்தனம். இடம் சின்னது, முதல் சின்னது, சரக்கு தேங்காது. நூறு வருஷம் ஒன்றையே செய்தால் கை தப்பாது.

ஆனால், பழசு என்பதற்காகவே கடைகள் பிழைத்துவிடுவதில்லை. சாந்தினி சௌக்கில் 'கண்டேவாலா' என்ற மிட்டாய்க் கடை 1790-ல் தொடங்கியது. முகலாய ராஜ்ஜியம் போனது. 1857-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து ஜனங்களைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார்கள். 1947-ல் பிரிவினை வந்தது. எல்லாவற்றையும் தாக்குப்பிடித்த கடை, 2015-ல் மூடப்பட்டது. விற்பனை குறைந்ததும் ரசனை மாறியதும் காரணம் என்றார்கள். பிறகு 2024-ல் மறுபடி திறந்தார்கள். பிரிவினையைக்கூடச் சமாளித்துவிடலாம்போல. சாக்லேட் பெட்டியைச் சமாளிப்பது கஷ்டம்.

சாந்தினி சௌக் தெருவில் ஒரு சின்ன மசூதி இருக்கிறது. பொன்முலாம் கும்பங்கள் உள்ளதால் சுனெஹ்ரி மசூதி. 1739-ல் அதில் உட்கார்ந்துகொண்டுதான் நாதிர் ஷா, தன் படைகள் இந்த ஊர் ஜனங்களைக் கொன்று குவித்ததைப் பார்த்தார் என்பது சரித்திரம். ஒரே நாளில் ஆயிரமாயிரம் பேர். பக்கத்திலேயே சீஸ்கஞ்ச் குருத்வாரா. சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர், ஔரங்கசீப்பின் ஆணைப்படி 1675-ல் தலை வெட்டப்பட்ட இடம். ஷாஜகானின் மகள் ஜஹனாரா அமைத்த தெரு இது. நடுவே கால்வாய் ஓடியதாம். குளத்தில் நிலவு தெரிந்ததாம். அதனால் நிலவுச் சதுக்கம் என்று பெயராம். அந்த நிலவு இதையெல்லாமும் பார்த்திருக்கிறது.

இப்போது கால்வாய் இல்லை. 2021-ல் தெருவைச் செப்பனிட்டு, காலை ஒன்பதில் இருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி வரக்கூடாது என்று ஆக்கினார்கள். சைக்கிள் ரிக்ஷாவுக்கு அனுமதி உண்டு. நடந்தே மேற்குக் கோடிக்குப் போனோம். அங்கே ஃபதேபுரி மசூதி. அதை ஒட்டி காரி பாவ்லி. உப்புக் கிணறு என்று அர்த்தம். கிணறு போய்விட்டது. மசாலா மட்டும் இருக்கிறது. மூட்டை மூட்டையாக மிளகாய், மல்லி, சீரகம், உலர்ந்த பழங்கள். தெருவுக்குள் நுழைந்ததும் ஏழு பேரும் இருமத் தொடங்கினோம். அவ்வளவு மிளகாய் நெடி.

ஒரு கடையில் மஞ்சளைக் காட்டி 'எந்த ஊர்?' என்றேன். "ஈரோட்" என்றார் கடைக்காரர். ஏலக்காய்? போடிநாயக்கனூர் ஏலம் பற்றி என்னிடமே விசாரித்தார். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, நம்ம ஊர்ச் சரக்கு நமக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருக்கிறது!

அங்கேதான் அது நடந்தது. தெருவோரம் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் வெறும் சாக்கை விரித்து ஒரு மூட்டைத் தொழிலாளி தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. எங்களோடு வந்த ஒரு பெண்மணி, 'ஆஹா' என்று செல்போனைத் தூக்கினார். பையன் மெதுவாகக் குறுக்கே வந்து நின்றான்.

"வேணாம் மேடம். அவரு மெனுவில் இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எனக்கு அதுவரை சொல்லத் தெரியாமல் உறுத்திக்கொண்டிருந்த விஷயத்தை அவன் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டான். இந்த ஊரின் ருசி முழுக்க ஒருத்தர் முதுகில் ஏறித்தான் வருகிறது. மிளகாய் மூட்டை, மாவு மூட்டை, சர்க்கரை மூட்டை எல்லாமே. பாரம்பரியம் என்று நாம் காசு கொடுத்து வாங்குவதில் கடைப்பெயர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, ராஜா இருக்கிறார். முதுகு இல்லை.

"இவங்கள்லாம் எங்கப்பா சாப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

பட்டியலில் இல்லாத ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். அடுப்பு, ஒரு பெரிய பானை நிறைய பருப்பு, கனமான ரொட்டிகள். பெஞ்சுகூட இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பீகாரில் இருந்தும் உத்தரப்பிரதேசத்தில் இருந்தும் வந்தவர்கள் நிறைய என்றான் பையன். ருசிக்கு இல்லை, மறுபடி மூட்டை தூக்குவதற்குச் சாப்பிடுகிற சாப்பாடு. நாங்கள் அங்கே சாப்பிடவில்லை. வேடிக்கையும் பார்க்கவில்லை. பார்த்தோம், நகர்ந்தோம்.

டூர் அதோடு முடிந்திருக்க வேண்டும். "உங்களுக்கு நேரம் இருந்தா ஒரு இடம் பாக்கி" என்றான். வந்த வழியே நடந்து, சீஸ்கஞ்ச் குருத்வாரா. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனோம். லங்கர் கூடம். நீளப் பாய்களில் வரிசையாக உட்கார வேண்டும். பருப்பு, காய், ரொட்டி. ரொட்டியை இரண்டு கையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். எனக்கு இந்தப் பக்கம் கழுத்தில் கேமரா மாட்டிய வெளிநாட்டுக்காரர். அந்தப் பக்கம் சட்டையெல்லாம் மஞ்சள் தூள் அப்பிய ஒரு மூட்டைத் தொழிலாளி. எதிரே பட்டுச் சட்டை போட்ட ஒரு நகைக்கடை முதலாளி மாதிரி ஒருவர். எல்லோருக்கும் அதே பருப்பு. பில் கிடையாது.

"சார், இங்க மட்டும் வயிறு நிறையச் சாப்பிடலாம்" என்றான் பையன். பக்கத்தில் இருந்த தொழிலாளி மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டினார். பரிமாறிய பெரியவர் கேட்காமலே நான்காவதையும் வைத்துவிட்டுப் போனார்.

குரு தலை வெட்டப்பட்ட இடத்தில் பகலும் இரவும் சோறு போடுகிறார்கள். மனுஷன் மனுஷனுக்குச் செய்ததற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஃபுட் வாக் தப்பா, காசுள்ளவர்கள் கூத்தா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்கு அது வேலை. நுரை விற்கிற பெரியவருக்கு ஏழு கிண்ணம் வியாபாரம். காசு நடக்கிற இடத்தில் கடை நிற்கும். நின்றால்தான் அந்தக் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகும். கண்டேவாலா கதை தெரியுமே! தப்பு, சாப்பிடுவதில் இல்லை. சாப்பாடு தானாக நடந்து தட்டுக்கு வந்ததாக நினைத்துக்கொள்வதில் இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். நுரை கிடைக்கும். கறி சாப்பிடுகிறவர்கள் ஜும்மா மசூதிப் பக்கம் தனியாக ஒரு வேளை ஒதுக்குங்கள். இரவெல்லாம் வெந்த நிஹாரியை அங்கே விடிகாலையில் சாப்பிடலாம். சின்ன நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். கடைசியாக ஒன்று. கைடிடம், பட்டியலில் இல்லாத ஒரு சந்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், அவர் எந்தக் கடையில் சாப்பிடுகிறார் என்றாவது விசாரியுங்கள். ஊர் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.